என் இடப்பக்கம் நடப்பவன்: ஒரு சைகோன் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

2024 மார்ச்சில் நானும் என் நண்பனும் ஒன்பது நாள் வியட்நாமின் சைகோன் நகரத்துக்குப் போய் வந்தோம். நாற்பத்தேழு வருஷப் பழக்கம் எங்களுடையது. அந்தப் பயணத்தின் ஐந்தாம் நாள் இரவு, ஒரே அறையில் இரண்டு கட்டிலில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தோம். ஊருக்குப் போனதும் இவனோடு பேச்சை நிறுத்திவிட வேண்டும் என்று நான் முடிவே செய்துவிட்டேன். ஆறாம் நாள் காலையில் ஒரு கோயிலில் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது, அதற்கு முன்னால் நடந்த அத்தனைக்கும் அர்த்தம் மாறிப்போனது.

என் வேலை கணக்குத் தணிக்கை. ஓர் இடத்தில் தப்பு நடந்திருந்தால் யார் மேல் பழி என்று முதலில் தேட மாட்டோம். எந்தத் தேதியில் என்ன நடந்தது, எந்த ரசீது எங்கே போனது என்று வரிசையாக எழுதுவோம், எழுதிக்கொண்டே வரும்போது காரணம் தானாக மேலே வரும். அதே மாதிரிதான் இதையும் எழுதுகிறேன். எழுதியதை அவன் படித்துவிட்டான். பேர் மட்டும் வேண்டாம் என்றான், அதனால் அவன் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இரண்டு பேர்

இரண்டு பேருக்கும் கடலூர் மஞ்சக்குப்பம். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். அவனுக்குத் திருப்பாதிரிப்புலியூரில் லேத் பட்டறை, அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. எனக்கு மாசத்தில் பாதி நாள் வெளியூர். ஊரில் இருக்கிற நாளெல்லாம் சாயங்காலம் ஆறரைக்குத் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் ஒரு நடை, அப்புறம் டீ, எட்டு மணிக்கு வீடு. 2011 டிசம்பர் 30, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறிய அன்று அவன் பட்டறைக் கூரை மொத்தமாகப் போனது. மறுநாள் இரண்டு பேரும் தெருத் தெருவாகப் போய்த் தகரம் பொறுக்கிக்கொண்டு வந்தோம். என் மகள் கல்யாணத்தில் பந்தி முழுக்க அவன் பொறுப்பு. இதற்கு மேல் ஒருத்தனைத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம். அதுவும் தினம் அதே மணல், அதே டீக்கடை, பேச்சும் ஏறக்குறைய அதே பேச்சு. ஒரு அறையில் ஒன்பது ராத்திரி சேர்ந்து தங்கியதே கிடையாது. இந்தக் கணக்கு எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

ஏன் சைகோன்

அவன் அம்மா பாகூர்க்காரர். கடலூரிலிருந்து பாண்டிக்குப் போகிற வழியில் முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி எல்லை, பாகூர் அந்தப் பக்கம். அவன் வளர்ந்த வீடு கடலூரில் இங்கிலீஷ்காரன் ஆண்ட மண்ணிலும், அவன் அம்மா பிறந்த வீடு பிரெஞ்சுக்காரன் ஆண்ட மண்ணிலும் இருந்தது, நடுவில் சைக்கிளில் போகிற தூரம்தான். பிரெஞ்சு இந்தியாவில் 1881இல் ஒரு சட்டம் வந்தது. தங்கள் சாதி மத வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுத்து வரலாம், வந்தவர்கள் குடும்பப் பெயர் ஒன்று வைத்துக்கொண்டார்கள், பலர் பிரெஞ்சுப் பெயராகவே வைத்துக்கொண்டார்கள். அப்படி வந்தவர்களில் பலருக்கு அப்போது பிரான்ஸ் பிடித்து வைத்திருந்த தென் வியட்நாமில், கொச்சின்சீனா என்று சொல்வார்கள், அரசாங்க வேலை கிடைத்தது. எழுதிக் கொடுக்காதவர்களும் பின்னாலேயே போனார்கள். குமாஸ்தா, காவல், சுங்கம், கடை, வட்டிக்கடை என்று சைகோன் முழுக்கத் தமிழாட்கள் இருந்திருக்கிறார்கள். புதுச்சேரியில் இன்றைக்கும் பழைய குடும்பங்களில் சைகோன்காரர் வீடு என்று அடையாளம் சொல்வது உண்டு.

இவன் தாத்தா 1930களில் கப்பல் ஏறிக் குமாஸ்தா வேலைக்குப் போனவர். 1954 மே மாதம் வடக்கு வியட்நாமில் தியென் பியென் பூ என்ற இடத்தில் வியட்நாமியர்களிடம் பிரெஞ்சுப் படை தோற்றது, அதே வருஷம் நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரியும் இந்தியாவோடு வந்தது. ஒரே வருஷத்தில் அவருக்கு அந்த ஊரும் இந்த ஊரும் இரண்டும் கைமாறிவிட்டது. அடுத்த வருஷம் திரும்பி வந்துவிட்டார். அவர் விட்டுப்போனதில் இவனிடம் இருப்பது ஒரு போட்டோ, ஒரு உறை. போட்டோவில் வேட்டியும் கோட்டுமாகத் தாத்தா ஒரு கோயில் வாசலில் நிற்கிறார். உறையில் ரூ கத்தினா என்று ஒரு தெருப்பெயர். அறுபது வயசுக்குள் அந்த இரண்டு இடத்தையும் பார்த்துவிட வேண்டும் என்பது அவன் ஆசை. விசாவும் லேசாகிவிட்டது. 2023 ஆகஸ்ட் 15இலிருந்து வியட்நாம் எல்லா நாட்டவருக்கும் 90 நாள் மின்விசா கொடுக்கிறது, ஒரு தடவை போய்வர 25 டாலர். வீட்டில் உட்கார்ந்தே வாங்கினோம்.

நாள் கணக்கு

முதல் நாள். சென்னையிலிருந்து கோலாலம்பூர், அங்கே மாறி சைகோன். சென்னையில் ஏறும்போதே ஒரு சின்ன இழுபறி. ஜன்னல் சீட் அவன் பேரில் இருந்தது. நான் வெளிநாட்டு விமானத்தில் முதல் தடவை போகிறேன், ஜன்னலை எனக்குக் கொடுடா என்று கேட்டேன். ஒரு நொடி யோசித்தான், கொடுத்துவிட்டான். நான் ஜன்னலில், அவன் நடுவில். நாலு மணி நேரம் நான் பேசினதில் பாதிக்கு அவனிடமிருந்து பதிலே இல்லை. ஜன்னலைப் பிடுங்கிக்கொண்ட கோபம் என்று எடுத்துக்கொண்டேன். கோலாலம்பூரில் நாங்கள் விமானம் ஏற வேண்டிய கேட் நம்பரை மாற்றி ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நான் தண்ணீர் வாங்கப் போயிருந்தேன், அவனை அங்கேயே இருக்கச் சொல்லியிருந்தேன். திரும்பி வந்தால் எல்லாரும் எழுந்து போன இடத்தில் தனியாக உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஓடிப்போய்த்தான் ஏறினோம். "மாத்திட்டாங்கன்னு சொல்லிட்டே இருக்கான், நீ என்னாடா பண்ற?" என்று கேட்டேன். "கவனிக்கல" என்றான்.

இரண்டாம் நாள். ஹோ சி மின் நகரம் என்பது அரசாங்கப் பெயர், ஊரார் வாயில் இன்னும் சைகோன்தான். எழுபது லட்சத்துக்கு மேல் இருசக்கர வண்டி ஓடுகிற ஊர். சாலையைக் கடக்க ஒரு முறை இருக்கிறது. வண்டி நிற்கும் என்று காத்திருக்கக் கூடாது. ஒரே வேகத்தில் மெதுவாக நடந்துகொண்டே இருக்க வேண்டும், வண்டிகள் ஆற்றில் கல்லைச் சுற்றித் தண்ணீர் போகிற மாதிரி நம்மைச் சுற்றிப் போய்விடும். நடுவில் நின்றாலோ பின்வாங்கினாலோதான் ஆபத்து. விடுதிப் பெண் இதைச் சொல்லிக் கொடுத்தாள். பென் தான் மார்க்கெட் வாசலில் நான் முன்னால் இறங்கினேன், அவன் பின்னால் இறங்கி வலப்பக்கம் பார்த்தபடி ஒரு எட்டு வைத்தான். இடப்பக்கமிருந்து வந்த ஸ்கூட்டர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்து அவன் முழங்காலை உரசிக்கொண்டு போனது. ஹாரன் எனக்குக் கேட்டது, எனக்கு முன்னால் போன கிழவிக்குக் கேட்டது. அவன் கடைசி நொடி வரை திரும்பவே இல்லை. வியட்நாமில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும், நமக்கு நேர் எதிர். அந்தப் பழக்கக் கோளாறு என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் நடந்ததுதான் எனக்குக் கசப்பாகப் போனது. கரும்புச்சாறு விற்கிற ஒரு அம்மா, தலையில் கூம்புத் தொப்பி, முகத்தில் துணி மாஸ்க். இரண்டு டம்ளருக்கு இருபதாயிரம் டாங், நம் பணத்தில் அறுபது எழுபது ரூபாய். அவன் ஒரு நீல நோட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு நடந்தான். வியட்நாமில் இருபதாயிரம் டாங் நோட்டும் நீலம், ஐந்து லட்சம் டாங் நோட்டும் நீலம். இரண்டிலும் ஹோ சி மின் படம். அவன் கொடுத்தது ஐந்து லட்சம், ஆயிரத்து அறுநூறு ரூபாய்க்கு மேல். அந்த அம்மா மாஸ்க்குக்குள்ளிருந்து கத்திக் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடி வந்தார். நான் எதிர்க்கடையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவன் பாட்டுக்குப் போகிறான். எட்டிப் பிடித்து அவன் இடது கையைத் தொட்டார். இவன் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பி அந்தக் கையை வெடுக்கென்று தட்டிவிட்டான். அவர் பயந்து இரண்டடி பின்னால் போய், இரண்டு கையாலும் மீதிப் பணத்தை நீட்டினார். நாலு லட்சத்து எண்பதாயிரம், ஒழுங்காக எண்ணி மடித்த நோட்டுகள். அந்தக் கைகள் இன்னும் என் கண்ணில் இருக்கின்றன, விரலிடுக்கில் கரும்புச் சக்கை ஒட்டியிருந்தது. இவன் எத்தனை தடவை கும்பிட்டும் எனக்கு மனசு ஆறவில்லை. கூப்பிடுகிறவர்களைத் திரும்பிப் பார்க்காத திமிர் இவனுக்கு எப்போது வந்தது என்று தோன்றியது.

அன்று ராத்திரி இன்னொன்று. பதினொரு மணிக்குக் காபி குடிக்கக் கீழே இறங்கினேன், கதவு அட்டையை உள்ளேயே வைத்துவிட்டேன். திரும்பி வந்து தட்டினேன். இருபது நிமிஷம் தட்டினேன். பக்கத்து அறைக்காரர் எழுந்து வந்து பார்த்தார். கடைசியில் வரவேற்பிலிருந்து ஆள் வந்துதான் திறந்தது. அவன் வலப்பக்கமாகத் திரும்பிப் படுத்து, முகம் தலையணையில் புதைந்து, நல்ல தூக்கம். நடிக்கிறான் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

நாலாம் நாள் மேகாங் கழிமுகம். சைகோனிலிருந்து எழுபது கிலோமீட்டர் போல மீ தோ, அங்கிருந்து படகில் பென் ட்ரே பக்கம். தென்னை, சேறு, நீர்ப்பனை வளர்ந்த சின்ன வாய்க்கால்கள். "நம்ம பிச்சாவரம் மாதிரியே கீதுடா" என்று அவன் சந்தோஷமாகச் சொன்னான். பெரிய படகில் எஞ்சின் காது கிழிகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் நான் கேட்டேன், நாளைக்குக் கூச்சி சுரங்கம் போகலாமா, ரெண்டு பேருக்கும் பணம் கட்டிடட்டுமா. சிரித்துக்கொண்டே தலையாட்டினான். "சரி சரி" என்றான். கட்டிவிட்டேன். மதியம் சாப்பாட்டில் மேஜை நடுவில் ஒரு மீனை முழுசாகப் பொரித்து மரச்சட்டத்தில் நிமிர்த்தி வைத்தார்கள், அந்தப் பக்கத்துப் பேர்போன மீன், பெயருக்கு யானைக்காது என்று அர்த்தமாம். அதை அரிசித் தாளில் வைத்துச் சுருட்டிக்கொண்டே அவன் சொன்னான், "நாளைக்குக் காலையிலேயே தாத்தா தெருவுக்குப் போயிடலாம்."

"நாளைக்குக் கூச்சிடா. பணம் கட்டியாச்சு. நீதான சரின்ன?"

"நான் எப்ப சரின்னேன்?"

அவ்வளவுதான். பணம் திரும்பக் கிடைக்காது. பணத்தைவிட, என் முகத்தைப் பார்த்துச் சிரித்துச் சரி என்றவன் அடுத்த இரண்டு மணி நேரத்தில் சொல்லவே இல்லை என்கிறானே என்பதுதான் எனக்கு அடங்கவில்லை. மூன்று நாள் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டினேன். விமானம், நோட்டு, கதவு எல்லாம். உன் தாத்தா ஊர் என்று உனக்குத் தலைக்கனம், நான் உனக்கு மூட்டை தூக்க வந்தவனா என்றுகூடக் கேட்டேன். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

ஐந்தாம் நாள் தனித்தனியாகப் போனோம். போர்க்காலத்தில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் மண்ணுக்கடியில் தோண்டி வைத்த கூச்சி சுரங்கத்தில் நான் குனிந்து குனிந்து போய் வந்தேன், ஒன்றும் மனசில் ஒட்டவில்லை. அவன் உறையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தான். ரூ கத்தினாவுக்கு இப்போது டோங் கோய் என்று பெயர், பெரிய ஓட்டல்களும் கடைகளுமாக ஊரின் முக்கியத் தெரு. சாயங்காலம் நான் வரும்போது அறையில் இருந்தான். பாத்தியா என்று கேட்டேன். ம் என்றான்.

ஆறாம் நாள்

கோயிலுக்கு மட்டும் சேர்ந்து போவோம் என்று அவனே கேட்டான். ட்ரூங் டின் தெரு 45ஆம் எண், மாரியம்மன் கோயில், பென் தான் மார்க்கெட்டிலிருந்து நடக்கிற தூரம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் நம்மவர்கள் கட்டியது. 1975 ஏப்ரல் 30இல் சைகோன் வடக்கு வியட்நாம் கைக்குப் போன பிறகு தமிழர்கள் பெரும்பாலும் கிளம்பிவிட்டார்கள், ஆனால் கோயில் ஓயவில்லை, வியட்நாமியர்கள் பிடித்துக்கொண்டார்கள். வாசலில் மல்லிகை விற்கிறார்கள். கையில் கட்டு கட்டாக ஊதுபத்தி வைத்துக்கொண்டு நெற்றிக்கு மேலே தூக்கிக் கும்பிடுகிறார்கள். கருவறைக்குப் பின்னால் கல்சுவர் இருக்கிறது, அதில் வரிசையாக வந்து நெற்றியையும் உள்ளங்கைகளையும் ஒட்டிக்கொண்டு, வேண்டுதலைச் சுவருக்குள் சொல்கிறார்கள். சின்னப் பெண்கள், ஆபீஸ் போகிற ஆட்கள், கிழவிகள். சுவர் அந்த உயரத்தில் மட்டும் வழவழவென்று இருந்தது.

அவன் அந்தச் சுவருக்கு எதிரில் போட்டோவைக் கையில் வைத்து நின்றான். கூட்டத்தில் நான் தள்ளுப்பட்டு அவன் இடப்பக்கம் வந்து நின்றேன். வாசல் தூணும் போட்டோவில் தாத்தாவுக்குப் பின்னால் இருக்கிற தூணும் ஒன்று என்று எனக்குப் பட்டது. "டேய், வாசல்ல இருக்கற தூண்தான்டா இது" என்றேன். பதில் இல்லை. திரும்பவும் சொன்னேன். அவன் தோளுக்கும் என் வாய்க்கும் ஒரு சாண் தூரம். மூன்றாம் தடவையும் சொன்னேன். எப்பேர்ப்பட்ட கோபமாக இருந்தாலும் தாத்தா பேச்சுக்கு அவன் திரும்பாமல் இருக்க மாட்டான். எனக்கு உடம்பு சில்லென்று ஆனது. மெதுவாகச் சுற்றி அவன் வலப்பக்கம் போய், அதைவிடச் சின்னக் குரலில் "டேய்" என்றேன். உடனே திரும்பினான்.

அந்த ஒரு நொடியில், அவன் எப்போதும் என் இடப்பக்கமாகவே நடப்பவன் என்பது நினைவுக்கு வந்தது. பீச்சில், கல்யாண மண்டபத்தில், சினிமாக் கொட்டகையில் வரிசையின் இடது ஓரத்து சீட்டுக்காக அடம் பிடித்ததில், டீக்கடை பெஞ்சில். போன் எப்போதும் வலது காதில். நான் எப்போதும் அவனுக்கு வலப்பக்கம்தான் இருந்திருக்கிறேன், அவனாக என்னை அங்கே வைத்திருக்கிறான்.

ராத்திரி அறையில் கேட்டேன்.

"எப்பலேருந்துடா?"

"சின்ன வயசுலேருந்து. இடது காதுல சீழ் வரும். பாகூர்ல பாட்டி பூண்டு காய்ச்சி எண்ணெய் விடும். நாம கெடிலத்துல குதிச்சா ரெண்டு நாள்ல திரும்ப வந்துடும். அப்புறம் வலி நின்னு போச்சு. கேக்கறதும் நின்னு போச்சு."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "எட்டாவதுல ரெண்டாவது பெஞ்ச்ல ஒரு பையன் இருந்தான், ஞாபகம் இருக்கா? வாத்தியார் கூப்ட்டா திரும்ப மாட்டான். நீதான் அவனுக்கு டமாரம்னு பேர் வச்ச."

முதலில் எனக்கு ஞாபகமே வரவில்லை. அவன் சொல்லச் சொல்ல வந்தது. டமாரச் செவிடு என்பதைச் சுருக்கி வைத்த பேர். வகுப்பே பிடித்துக்கொண்டது. அந்தப் பையன் அரைப்பரீட்சைக்கு அப்புறம் வரவில்லை. "அன்னிக்கு நானும் சிரிச்சேன்டா. சிரிக்கலன்னா என்னப் பாப்பீங்கன்னு பயம்." அன்று மதியமே அவன் பெஞ்சின் இடது ஓரத்துக்கு மாறியிருக்கிறான். 1984. அன்றிலிருந்து நாற்பது வருஷம்.

டோங் கோய் தெருவில் முந்தின நாள் என்ன நடந்தது என்பதையும் அப்போதுதான் சொன்னான். இரண்டு மணி நேரம் ஒரு முனையில் நின்றிருக்கிறான். உறையைக் காட்டினால் எல்லாரும் நின்று அன்பாக ஏதோ சொல்கிறார்கள், ஒன்றும் பிடிபடவில்லை, சரி சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறான்.

ஆறு நாளில் ஏன் உடைந்தது

கடலூரில் நாற்பது வருஷம் மறைந்தது சைகோனில் ஆறு நாளில் எப்படி வெளியே வந்தது என்று நான் நிறைய யோசித்தேன், ஊருக்கு வந்து மருத்துவரிடமும் கேட்டேன். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை மூளை இரண்டு காதையும் ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கிறது. பக்கத்துக் காதுக்குச் சத்தம் கொஞ்சம் முன்னாலும் கொஞ்சம் பலமாகவும் வரும், அந்த நேர வித்தியாசம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது, ஆனாலும் மூளைக்கு அது போதும். ஒரு காது போனால் அந்த ஒப்பீடே இல்லை. ஹாரன் கேட்டாலும் எங்கிருந்து என்று தெரியாது. நம் ஊரில் நடைபாதையிலிருந்து இறங்கினால் முதலில் வண்டி வருவது வலப்பக்கமிருந்து, அவன் நல்ல காதின் பக்கம். வலப்பக்கம் ஓடுகிற ஊரில் முதலில் வருவது இடப்பக்கமிருந்து. இத்தனை வருஷமாக அவனைக் காப்பாற்றிய பக்கம் அங்கே உதவவில்லை.

அடுத்தது இரைச்சல். இரண்டு காது இருக்கிறவர்களால் இரைச்சலுக்கு நடுவில் ஒரு குரலைப் பிரித்து எடுக்க முடியும், ஒற்றைக் காதுக்கு அது ரொம்பக் கஷ்டம். படகில் அவனுக்கு என் பேச்சு ஒன்றும் விழவில்லை. நான் சந்தோஷமாக ஏதோ சொல்கிறேன் என்று முகத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டு சரி என்றிருக்கிறான். அவன் பொய் சொல்லவில்லை, சரி சொன்னதும் உண்மை, எதற்கு என்று தெரியாததும் உண்மை. இந்தச் சரியைக் கடலூரிலும் எத்தனையோ தடவை சொல்லியிருப்பான், அங்கே டீக்கு சர்க்கரையா என்பதற்குச் சரி சொன்னால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

அப்புறம் உதடு. தனக்கே தெரியாமல் அவன் பாதிப் பேச்சை உதட்டைப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறான். தமிழ் உதடு, தெரிந்த ஆள், தெரிந்த பேச்சு என்றால் ஓடிவிடும். சைகோனில் தெருவோரம் பாதிப் பேர் முகத்தில் மாஸ்க். அவர்கள் பேசுகிற ஆங்கிலத்தில் சொல்லின் கடைசி மெய்யெழுத்து பெரும்பாலும் விழுந்துவிடுகிறது, எனக்கே இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. இதை எழுதும்போதுதான் எனக்கு இன்னொன்று தட்டுப்பட்டது. 2020, 2021இல் எல்லாரும் மாஸ்க் போட்டிருந்த காலத்தில் அவன் சாயங்கால நடையையே நிறுத்திவிட்டான், கூப்பிட்டாலும் வரமாட்டான். கொரோனாவுக்குப் பயந்து சாகிறான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். தடயம் என் கையிலேயே இருந்திருக்கிறது.

கதவு தட்டியது சொல்லவே வேண்டாம். நல்ல காது தலையணைக்குள். விமானத்தில் நான் ஜன்னலை வாங்கிக்கொண்டு அவன் இடப்பக்கம் போய் உட்கார்ந்தேன்.

இதெல்லாம் அவன் காது பற்றியது. என் பக்கத்துக் காரணமும் எழுதாவிட்டால் தணிக்கை முடியாது. ஒவ்வொரு சம்பவத்துக்கும் நான் அவன் குணத்தில் காரணம் தேடினேன். கோபம், திமிர், நடிப்பு, தலைக்கனம். ஒரு தடவையாவது, இவனுக்கு ஏதாவது உடம்புக் கஷ்டமா என்று கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஆள் கூடவந்து இப்படி நடந்திருந்தால் இரண்டாம் நாளே காது கேட்குதா சார் என்று கேட்டிருப்பேன். இவனைத்தான் முழுசாகத் தெரியுமே என்று இருந்ததால் கேட்கத் தோன்றவில்லை.

அதற்கப்புறம்

ஏழாம் நாள் சேர்ந்து டோங் கோய் போனோம். நான் அவன் வலப்பக்கம். சாலையில் இறங்கும்போது "இடது" என்று தோளில் ஒரு தட்டு. பேசுவதற்கு முன்னால் கையைத் தொட்டுவிட்டுப் பேசினேன். கேட்கவில்லை என்றால் அதையே கத்திச் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொன்னேன், அது உடனே போய்ச் சேருகிறது, கத்தினால் உதடு கோணிப்போய் இன்னும் குழப்பம்தான். விலை எல்லாம் செல்போனில் எண்ணாக எழுதிக் காட்டச் சொன்னோம். நீல நோட்டு இரண்டையும் தனித்தனிப் பையில் வைத்தான். உறையைப் பார்த்த ஒரு புத்தகக் கடைப் பெரியவர் அவனுக்கு எதிரில் நின்று பொறுமையாகத் தாளில் எழுதிக் காட்டினார். அந்த எண் உள்ள கட்டடம் இப்போது இல்லை, அந்த இடத்தில் வேறு கட்டடம் நிற்கிறது. அவன் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டான். தோன் தத் தியெப் தெருவில் செட்டியார்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயிலுக்கும் போனோம். எட்டாம் நாள் கரும்புச்சாறு அம்மாவைத் தேடிப் போய் இரண்டு டம்ளர் குடித்தோம். அவர் இவனை அடையாளம் கண்டு சிரித்தார். இவன் காதைத் தொட்டுக் காட்டிக் கையை ஆட்டினான், அவருக்குப் புரிந்தது. தன் காதைப் பற்றி முன்பின் தெரியாத ஒருவரிடம் அவன் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

ஊருக்கு வந்த மறுவாரம் புதுச்சேரியில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். சத்தம் புகாத சின்ன அறையில் உட்காரவைத்துக் காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். வலது காதுக்கு அழுத்திக்கொண்டே வந்தவன் இடது காதுக்கு மாற்றியதும் கையை அப்படியே வைத்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு நேரம் அவன் அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சத்தம் எந்த அளவுக்கு வந்தால் கேட்கத் தொடங்குகிறது என்று பார்த்ததில் இடது 75 டெசிபல், வலது 30. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 20க்குக் கீழே இருந்தால் சரியான காது, 20இலிருந்து 35 வரை லேசான குறை, 65இலிருந்து 80 வரை கடுமையான குறை. ஆக நல்ல காது என்று நம்பியிருந்ததும் தேயத் தொடங்கிவிட்டது, பட்டறைச் சத்தம் காரணமாக இருக்கலாம் என்றார். இடது செவிப்பறையில் பழைய ஓட்டை. தண்ணீரோ எண்ணெயோ காதுக்குள் போகவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். கேளாத பக்கத்தில் ஒரு மைக் வைத்து அந்தச் சத்தத்தைக் கேட்கிற காதுக்கு அனுப்புகிற கருவி இருக்கிறதாம், போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அவன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான். பட்டறையில் மட்டும் காதடைப்பான் போட ஆரம்பித்துவிட்டான், கையடியில் இருக்கிற பையன்களுக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

அன்று திரும்பி வந்ததும் அவன் மனைவியிடம் கேட்டேன், உனக்காவது தெரியுமாம்மா என்று.

"கல்யாணம் ஆன வருஷமே தெரியும்ணா. உங்ககிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டாரு. அவன் சிரிச்சா எனக்குத் தாங்காதுன்னாரு."

நான் பதில் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பில் கூடப் படித்த அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று பழைய ஆட்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை தெரியவில்லை.

அடுத்து பினாங்கு போகலாம் என்று இருக்கிறோம். மலேசியாவுக்கு 2023 டிசம்பர் 1இலிருந்து இந்தியர்களுக்கு முப்பது நாள்வரை விசா வேண்டாம், வருகை அட்டையை மட்டும் இணையத்தில் நிரப்பினால் போதும். டிக்கெட் எடுக்கும்போதே பயணிக்குக் காது கேளாமை உண்டு என்று குறிப்புப் போடச் சொல்லி விமான நிறுவனங்களிடம் கேட்கலாம் என்பதும் இப்போதுதான் எங்களுக்குத் தெரியும். போடட்டுமாடா என்று கேட்டேன், வலப்பக்கம் நின்றுதான் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுப் போடு என்றான். சீட்டையும் அவனே எடுத்தான். இடது ஜன்னல், 14ஏ அவனுக்கு. 14பி எனக்கு.